கடை, கம்பனிகளோட பிரச்சினைப்படுற வயதுபோன ஆக்களுக்கு உதவ விருப்பம் – திருகோணமலையில எப்படித் தொடங்கிறது?

நிலாவெளிக் காற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கோணேசபுரி வளாகத்தில படிப்பு முடிச்சிட்டு வேலை தேடிக்கொண்டு இருக்கிறன். கையில நேரம் இருக்கு. ஊருக்குப் பிரயோசனமா ஒண்டு செய்யலாமெண்டு யோசிக்கிறன். அதுக்கு உங்கட புத்தி வேணும்.

ஏன் இந்த யோசனை வந்தது எண்டு சொல்லுறன். எங்கட ஒழுங்கையில ஒரு அம்மம்மா தனிய இருக்கிறா. மகன் கட்டாரில. போன மாசம் ரெண்டு பெடியள் ரை கட்டிக்கொண்டு வந்து, "அம்மா, உங்கட தண்ணிய இலவசமா சோதிச்சுத் தாறம்" எண்டு உள்ள வந்திருக்காங்க. ஒரு கிளாஸில வீட்டுக் குழாய்த் தண்ணி. மற்றதில அவங்க கொண்டுவந்த போத்தல் தண்ணி. ரெண்டுக்குள்ளயும் இரும்புக் கம்பி இறக்கி கரண்ட் குடுத்தவங்களாம். கொஞ்ச நேரத்தில குழாய்த் தண்ணி துருக் கலரா மாறி, மேல நுரை கட்டி, அடியில சேறு மாதிரி படிஞ்சிருக்கு. போத்தல் தண்ணி அப்பிடியே தெளிவா நிண்டிருக்கு. "இதைத்தான் அம்மா இவ்வளவு காலமும் குடிச்சிருக்கிறீங்க, கிட்னிக்கு இனி என்ன நடக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க" எண்டிருக்காங்க.

பயந்து போய் 55,000 ரூபா பில்டருக்கு ஓம் எண்டிட்டா. 15,000 கையில குடுத்தாச்சு, மிச்சம் மாசத் தவணை. கையில இருக்கிறது கார்பன் வச்சு எழுதின ஒரு துண்டு. அதில விலாசமே இல்லை, ஒரு போன் நம்பர் மட்டும்தான்.

இந்த அம்மம்மாவுக்கு மட்டுமில்லாம, இப்பிடி மாட்டுப்படுற வயதுபோனவங்க, தனிய இருக்கிற பொம்பிளையள், எழுத வாசிக்கத் தெரியாதவங்களுக்கு கிழமையில ஒரு நாள் இருந்து உதவ ஏலுமா? சட்டம் படிக்காத ஆள் இதைச் செய்யலாமா?

---

பழைய கச்சேரிக்காரன்

செய்யலாம் தங்கச்சி, கட்டாயம் செய்யுங்கோ. சட்டத்தரணி தேவைப்படுற கட்டம் கடைசியிலதான் வரும். அதுக்கு முந்தின வேலை முழுக்கக் கடுதாசி வேலை, அதுக்குத்தான் ஆளில்லை. நான் உத்தியோகத்தில இருந்த காலத்தில கண்டது, முறைப்பாட்டோட வாற சனத்தில பாதிப்பேர் கையில ஒண்டுமில்லாம வருவினம். நியாயம் அவையின்ர பக்கம்தான் இருக்கும். ஆனா திகதி தெரியாது, பில் இல்லை, வித்தவன்ர பேர் தெரியாது. மேசைக்கு அங்கால இருக்கிற ஆள் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அதை வச்சு என்ன செய்யிறது?

முதல் கேள்வி: பில்டர் வாங்கின திகதி என்ன? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கம், 13ஆம் பிரிவைப் பாருங்கோ. சாமான் வித்த நாளில இருந்து 3 மாசத்துக்குள்ள முறைப்பாடு எழுத்தில போகவேணும். 1977க்கு போன் பண்ணி விசாரிக்கலாம், தகவல் சொல்லலாம். ஆனா காசைத் திருப்பி எடுக்கிறதெண்டா எழுத்துத்தான். எங்கட சனம் இந்த 3 மாசத்தை எப்பிடித் தொலைக்குது தெரியுமோ? கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்கோ" எண்டுவார். இவையும் மரியாதைக்குப் போய்ப்போய் வருவினம். அதுக்குள்ள நாள் முடிஞ்சிடும்.

அந்தத் துண்டை இண்டைக்கே படம் எடுத்து, போட்டோகொப்பியும் எடுத்து வையுங்கோ. கார்பன் எழுத்தெண்டா கொஞ்சக் காலம் நிக்கும். இப்ப கடைகளில மெஷினால வாற பளபளப்பான பில் இருக்குதே, அது சூடுபட்டு எழுத்து விழுற கடுதாசி. பேர்சுக்குள்ள வச்சா கொஞ்ச மாசத்தில வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

---

விஞ்ஞான ரீச்சர்

அந்தக் கிளாஸ் விளையாட்டைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லாம விடமாட்டன், ஏனெண்டா எங்கட பாடசாலைப் பிள்ளைகளின்ர வீடுகளிலயும் இதே கதைதான்.

அங்க நடந்தது மின்பகுப்பு. தண்ணிக்குள்ள இயற்கையாக் கரைஞ்சிருக்கிற உப்புகள் இருந்தாத்தான் மின்சாரம் ஓடும். ஓடினா அவங்க இறக்கின இரும்புக் கம்பி கரைஞ்சு துரு தண்ணியில இறங்கும். அந்த மண்ணிறம் அவங்கட கம்பியில இருந்து வந்ததுதான். முந்தித் தண்ணிக்குள்ள கிடந்த அழுக்கு இல்லை. போத்தலில கொண்டுவந்தது உப்பெல்லாம் நீக்கின தண்ணி. அதில கரண்ட் ஓடாது, கம்பி கரையாது, அதால தெளிவா நிக்கும். நகரத்துக் குழாயில வாறது கந்தளாய்க் குளத்துத் தண்ணியைச் சுத்திகரிச்சு அனுப்புறது. அதில கனிப்பொருள் இருக்கிறது வழமை, உடம்புக்குத் தேவையும்கூட.

அம்மம்மாவுக்குக் காட்டிக்குடுக்க விருப்பமெண்டா வீட்டுக் கரண்டைத் தொடவேண்டாம். 9 வோல்ட் பற்றறி ஒண்டு, இரும்பு ஆணி ரெண்டு, வயர்த் துண்டு ரெண்டு போதும். அந்தப் பில்டரிலயே வடிச்ச தண்ணியை எடுத்து ஒரு சிட்டிகை கறியுப்புப் போடுங்கோ. ஆணி ரெண்டும் ஒண்டோட ஒண்டு முட்டாமப் பார்த்துக்கொள்ளுங்கோ. கொஞ்ச நேரத்தில அவங்கட "சுத்தமான" தண்ணியும் மஞ்சளாகி மண்ணிறமாகும். அதை அவ தன்ர கண்ணால பாக்கவேணும். பயத்தில வாங்கின சாமானைப் பற்றி அவ தெளிவா யோசிக்கிறதெண்டா, முதல் அந்தப் பயம் போகவேணும்.

---

துறைமுகத்தான்

இதுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டு இருக்கேலுமா? அந்தப் பெடியளின்ர படத்தையும் போன் நம்பரையும் பேஸ்புக்கில போடுங்க. பத்துப் பேர் சேர்ந்து போய் நிண்டா காசு தானா வரும். என்ட மாமிக்கு ஒரு கடையில இப்பிடித்தான் செய்தம், அண்டைக்கே குடுத்தாங்க. ஏழையின்ட காசு, பாத்துக்கொண்டு இருக்க மனசு வருதில்ல.

---

கிண்ணியா நானா

தம்பி துறைமுகத்தான், ஒங்கட கோபம் எனக்கு விளங்குது. நான் கிண்ணியாவில எலெக்ட்ரிக் சாமான் கடை வச்சிருக்கிறவன். அங்கால பக்கத்தில நிண்டு ஒரு விசயம் சொல்றன், கேளுங்க.

பத்துப் பேர் வந்து கடை வாசல்ல நிண்டா யாவாரி காசைக் குடுப்பான், உண்மைதான். பொறகு அந்த மாமி தனிய அந்தக் கடைக்குப் போக ஏலுமா? சின்ன ஊர். கடனுக்கு அரிசி வாங்குற கடையும் அதுதான், பேன் வாங்குற கடையும் அதுதான். நாங்க சண்டை பிடிச்சிட்டு வீட்ட போயிருவம். அந்த ஊர்லயே இருக்கப்போறது அவங்க.

எனக்கிட்ட ஒரு சாமான் பழுதெண்டு ஆரும் கொண்டுவந்தா, முக்காவாசி நேரம் நான் கம்பனிக்கு அனுப்பித்தான் மாத்திக் குடுக்கணும். கம்பனிக்காரன் எனக்கிட்டக் கேக்குறதும் பில், வாரண்டி அட்டை, அட்டையில கடை முத்திரை, சீரியல் நம்பர். வாரண்டி அட்டைய பொலித்தீனோட அலமாரியில போட்டு வைக்கிற சனம்தான் கூட. முத்திரை குத்தியிருக்கா எண்டு பாக்குறதே இல்ல. ஆராவது படிச்ச புள்ள ஒண்டு கூடவந்து, "நானா, இந்தத் திகதி வாங்கினது, இது பழுது, இது பில்" எண்டு அமைதியாச் சொன்னா, எனக்கும் லேசு. அப்பிடி வாற புள்ளைய நான் எதிரியாப் பாக்கமாட்டன்.

ஆனா வீடு வீடா ரை கட்டிக்கொண்டு வாறவன்ட கதை வேற. அவனுக்குக் கடையுமில்ல, ஊருமில்ல. அவனுக்குக் கடிதம்தான் மருந்து.

---

சட்டப்புத்தகம்

நானா சொன்னது சரி. பேஸ்புக் விசயத்தில இன்னொண்டு: பொது இடத்தில ஒருத்தரைக் "கள்ளன்" எண்டு எழுதினா, பிறகு அம்மம்மாவின்ர பிரச்சினை பின்னுக்குப் போய் உங்கட பிரச்சினை முன்னுக்கு வந்திடும். படம் போட்டுக் கிடைச்ச நியாயம் அந்த ஒரு மாமியோட முடியும். பதிவில ஏறின முறைப்பாடு, அதே கம்பனி அடுத்த ஊரில செய்யிறதையும் நிறுத்த உதவும்.

2003 சட்டத்தின்ர 30ஆம் பிரிவு, வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துற எந்த நடத்தையிலயும் ஈடுபடக்கூடாது எண்டு சொல்லுது. 31ஆம் பிரிவு சாமானின்ர தரம், பயன் பற்றின பொய்க் கூற்றுக்களைத் தடுக்குது. "கிட்னி போயிடும்" எண்டு கிளாஸைக் காட்டி வித்தது இந்த ரெண்டுக்குள்ளயும் நேர வந்து விழுது. 13ஆம் பிரிவில விசாரணை முடிஞ்சா நட்டஈடு குடுக்கவோ, சாமானை மாத்தவோ, காசைத் திருப்பவோ அதிகார சபை கட்டளை போடலாம். கேட்டா பற்றுச்சீட்டுக் குடுக்கவேண்டியதும் வியாபாரியின்ர கடமை. விலாசமில்லாத துண்டு எண்டதையும் ஒரு விசயமா எழுதுங்கோ.

3 மாசம் தாண்டின ஆக்களைத் திருப்பி அனுப்பிப்போடாதீங்கோ. மத்தியஸ்த சபை இருக்கு, 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டம். அங்க சட்டத்தரணி பேச ஏலாது, ரெண்டு பக்கமும் தாங்களே பேசவேணும். எங்கட ஆக்களுக்கு இது வாசியும்தான், பயமும்தான். முதல் நாளே இருத்தி வச்சு, என்ன சொல்லப்போறா எண்டு ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பழக்கினா பயம் பாதி குறையும். இணக்கம் வராட்டி சபை ஒரு சான்றிதழ் தரும். இப்பிடியான சின்னத் தொகை வழக்குக்கு நீதிமன்றம் கேக்கிறது அந்தச் சான்றிதழைத்தான். அந்தக் கட்டத்தில சட்ட உதவி ஆணைக்குழு. வசதியில்லாத ஆக்களுக்கு அங்க காசு எடுக்கமாட்டினம்.

---

சம்பூர் மகள்

நான் வேற ஒரு விசயம் கொண்டுவாறன். பில்டர், பேன் எல்லாம் ஒரு பக்கம். எங்கட பக்கம் பொம்பிளையளைக் கொல்லுறது கிழமைக் கடன். இதை நீங்க நுகர்வோர் பிரச்சினை எண்டு எடுப்பீங்களா மாட்டீங்களா எண்டு தெரிய விருப்பம். ஏனெண்டா "அது கடன், வாங்கினா கட்டத்தானே வேணும்" எண்டு சொல்லித்தான் எல்லாரும் கதவைச் சாத்துறாங்க.

நாங்க 2015, 2016இல மீளக் குடியேறின ஆக்கள். வீடு, கிணறு, ஆடு, மாடு எல்லாம் முதலிருந்து. கையில காசில்லாத நேரத்தில வாசலுக்கு வந்தது இந்தக் கம்பனிகள்தான். அஞ்சு பேர் குழு, ஆளுக்கு ஆள் பிணை. ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரும் கட்டவேணும். அதால வசூலுக்கு வாறவர் கத்தவே தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரியே கத்துவா. கடன் எங்கட ஊருக்குள்ள உறவையும் பிரிச்சுப்போட்டுது.

ஒரு அக்காவின்ர புத்தகத்தைப் பார்த்தன். கட்டின கிழமைக்கெல்லாம் கையெழுத்து இருக்கு, கனக்க இடத்தில திகதி இல்லை. கடன் தொகை எழுதின இடத்தில ஒரு தொகை, அவ கையில வாங்கினது அதைவிடக் குறைவு. "காப்புறுதி, ஆவணச் செலவு" எண்டு வெட்டினதாம். அதுக்கு ஒரு துண்டும் இல்லை. ஒப்பந்தம் எங்க எண்டு கேட்டன். "அவங்கதான் வச்சிருக்காங்க" எண்டா. வட்டி எவ்வளவு எண்டு கேட்டா, "கிழமைக்கு இவ்வளவு" எண்டு தவணைத் தொகையைச் சொல்லுறா. வட்டி வீதம் எண்டு ஒண்டை அவவுக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லை.

2018இல வறட்சி பாதிச்ச 12 மாவட்டத்துப் பொம்பிளையளின்ர ஒரு லட்சம் வரைக்குமான நுண்கடனை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. எங்கட மாவட்டமும் அதில இருந்தது. கொஞ்சப் பேர் தப்பினாங்க. பிறகு புதுப் பேரில புதுக் கம்பனி வந்தது. கடன் அப்பிடியே திரும்பவும் வந்திட்டுது.

---

சட்டப்புத்தகம்

சம்பூர் மகள், கட்டாயம் எடுக்கவேணும். நிதிச் சேவை வாங்கிறவரும் நுகர்வோர்தான். மத்திய வங்கியில நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம் 2020இல இருந்து இருக்கு, இலக்கம் 1935. 2023இல நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வந்திட்டு. வாடிக்கையாளரைத் துன்புறுத்தி வசூலிக்கிறது, முக்கிய விவரங்களை மறைக்கிறது எல்லாம் அதில அடங்கும். முதல் கம்பனிக்கே எழுத்தில முறைப்பாடு, பதில் சரியில்லாட்டி 1935.

இதில கவனிக்கவேண்டிய இடம் ஒண்டு இருக்கு. மத்திய வங்கிக்கு அதிகாரம் இருக்கிறது அது உரிமம் குடுத்த நிறுவனங்கள் மேலதான். 2016ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தில உரிமம் எடுத்த கம்பனிகளை விரல் விட்டு எண்ணலாம். வாசலுக்கு வாற மற்ற ஆக்கள் அந்த வலைக்கு வெளியில. அதால முதல் வேலை, புத்தகத்தின்ர முன்பக்கத்தில இருக்கிற கம்பனிப் பேரை எழுத்துப் பிசகாம எழுதி, மத்திய வங்கியின்ர உரிமப் பட்டியலில இருக்கா எண்டு பார்க்கிறது. இல்லாட்டி மிரட்டலுக்குப் பொலிஸ், தொகைத் தகராறுக்கு மத்தியஸ்த சபையோ சட்ட உதவியோ.

"கட்டாதீங்கோ" எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்கோ. கட்டாம விட்டா மற்ற நாலு பேர்மேல விழும்.

---

டொரண்டோ திருமலையான்

வில்லூன்றியில பிறந்து வளந்தனான். வாசிக்க வாசிக்க நெஞ்சு கனக்குது. நாங்க இஞ்ச ஒரு பத்துப் பதினைஞ்சு பழைய மாணவர் இருக்கிறம், காசு சேர்த்து அனுப்பலாம். அந்த அம்மம்மாவின்ர 15,000ஐ நானே குடுக்கிறன், விவரம் சொல்லுங்கோ.

---

பழைய கச்சேரிக்காரன்

தம்பி, உங்கட மனசுக்கு நன்றி. ஆனா அந்த 15,000ஐ நீங்கள் குடுக்கவேண்டாம். குடுத்தா அம்மம்மாவின்ர கணக்கு முடியும், ரை கட்டின பெடியள் நாளைக்கு ஆண்டாங்குளத்தில அடுத்த கிளாஸை வைப்பாங்கள். அந்தக் காசு வித்தவன்ர கையில இருந்துதான் வரவேணும்.

காசு உதவ விருப்பமெண்டா சின்னச் செலவுகள் இருக்கு. போட்டோகொப்பி, பதிவுத் தபால், வெருகல், குச்சவெளி மாதிரி இடங்களில இருந்து வாற ஆக்களின்ர பஸ் காசு. நாட்கூலி வேலை செய்யிற பொம்பிளை விசாரணைக்கு வாறதெண்டா ஒரு நாள் சம்பளம் போகும். பாதி முறைப்பாடு நடுவில கைவிடப்படுறது அதாலதான். அதுக்கு ஒரு வழி செய்தீங்களெண்டா பெரிய உதவி. காசு தங்கச்சியின்ர கையில வரவேண்டாம், ஊர்ச் சங்கம் ஒண்டின்ர கணக்கில வந்து பற்றுச்சீட்டோட போகட்டும்.

தங்கச்சி, உங்களுக்கும் ஒண்டு. உதவி கேட்டு வாற ஆளிட்ட தேத்தண்ணியைத் தவிர ஒண்டும் வாங்காதீங்கோ. முருங்கைக்காய், தேங்காய் எண்டு கொண்டுவருவினம், அன்பாத்தான் தருவினம். இண்டைக்குத் தேங்காய் தந்தவவுக்குத்தான் முதல் கடிதம் எழுதினது எண்டு நாளைக்கு ஊர் கதைக்கும். ஒறிஜினல் ஒண்டையும் உங்கட வீட்டில வைக்காதீங்கோ. படம் எடுங்கோ, கொப்பி எடுங்கோ, ஒறிஜினலை அவை இருக்கேக்கயே திருப்பிக் குடுங்கோ. அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் ஏ.ரி.எம். இலக்கமும் நீங்கள் தொடவே கூடாது.

---

வெள்ளைப்பிரம்பு

நான் பார்வையில்லாதவன். போன் வாசிச்சுக் காட்டும், அதால இந்த இழை முழுக்கக் கேட்டன். உதவி செய்யிற ஆக்கள் கதைக்கிற இடத்தில உதவி எடுக்கிற ஆளின்ர குரலும் கொஞ்சம் இருக்கட்டும்.

என்ர போனில மாசாமாசம் ரீலோட் காசு வெட்டுப்பட்டுக்கொண்டு இருந்தது. ராசிபலனாம், கிரிக்கெட் செய்தியாம், நான் கேக்காத சந்தா. ஒரு நல்ல மனுசன் உதவிக்கு வந்தார். கவுண்டரில அந்தப் பிள்ளை அவரைப் பார்த்துக் கேக்குது, "இவருக்கு என்ன பிரச்சினை?" எண்டு. அவரும் எனக்காகப் பதில் சொல்லுறார். நான் பக்கத்தில நிக்கிறன். எனக்குக் கண்தான் தெரியாது. என்ர காசு, என்ர போன், என்ன நடந்தது எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்? பிறகு நானே என்ர வாயால சொன்னன், சந்தா எல்லாத்தையும் நிப்பாட்டி எழுத்தில தரச்சொல்லிக் கேட்டன், நிப்பாட்டினாங்க. சரிவராட்டி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு, போன் இலக்கம் 1900, போற யோசனையோடதான் போனனான்.

என்னைப் போல ஆக்களோட போறவங்க ஒண்டு செய்யுங்கோ. கவுண்டரில கதிரையை எங்களுக்கு முன்னுக்குப் போட்டுக் குடுங்கோ, நீங்க பக்கத்தில இருங்கோ. கேள்வி உங்களுக்கு வந்தா எங்கட பக்கம் திருப்பிவிடுங்கோ. எழுதினதை எல்லாத்தையும் கையெழுத்துக்கு முதல் வாசிச்சுக் காட்டுங்கோ. சுருக்கிச் சொல்லாதீங்கோ, எழுத்துக்கு எழுத்து வாசியுங்கோ.

---

நிலாவெளிக் காற்று

வெள்ளைப்பிரம்பு அண்ணா, நீங்க சொன்னதை எழுதி மேசையில ஒட்டியிருக்கிறன். மிச்ச எல்லாருக்கும் நன்றி.

அம்மம்மாவின்ர கதை இது. ரீச்சர் சொன்ன மாதிரி பற்றறியும் ஆணியும் வச்சு செய்துகாட்டினன். தண்ணி மண்ணிறமாகிக்கொண்டு வரேக்க அவ கிட்ட வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவ. "ஆணிதான் கரையுது" எண்டு தானே சொன்னா. பிறகு கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

முறைப்பாடு எழுதுவமா எண்டு கேட்டா, வேண்டாமெண்டிட்டா. "அந்தச் சின்னப் பெடியன் என்னை அம்மா எண்டு கூப்பிட்டவன், வேலை போயிடும்" எண்டா. எனக்கு உடன என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. அவவின்ர இரக்கத்தைப் பிழை எண்டு எனக்குச் சொல்ல மனம் வரேல்லை. முறைப்பாடு கம்பனிக்கு எதிரா, பெடியனின்ர பேரை எழுதத் தேவையில்லை எண்டு விளங்கப்படுத்தினன். ஒரு இரவு யோசிச்சிட்டு, அடுத்த நாள் விடிய அவவே வந்து கதவைத் தட்டினா. பொலிசுக்குப் போக விருப்பமில்லை, பில்டரை எடுத்துக்கொண்டு 15,000ஐத் தந்தாப் போதுமாம்.

அவ சொல்லச் சொல்ல எழுதினது கீழ இருக்கு. பிழை இருந்தாத் திருத்துங்கோ.

"நான் தனியாக வசிக்கும் 74 வயதுப் பெண். மேற்படி திகதியில் எனது வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதிகள் இருவர், குழாய் நீரினுள் கம்பிகளை இட்டு மின்சாரம் பாய்ச்சி, நீர் நிறம் மாறுவதைக் காட்டி, அந்நீரைக் குடித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும் எனக் கூறினர். அதனை நம்பி நீர் வடிகட்டி ஒன்றை வாங்கச் சம்மதித்து ரூபா 15,000 செலுத்தினேன். இது ஒரு மோசடி ஆகும். எனக்கு வழங்கப்பட்ட பற்றுச்சீட்டில் நிறுவனத்தின் விலாசம் இல்லை. இது தொடர்பில் நடவடிக்கை எடுக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

---

பழைய கச்சேரிக்காரன்

நல்லா எழுதியிருக்கிறீங்கள். மூண்டு இடம் மட்டும்.

"இது ஒரு மோசடி ஆகும்" எண்ட வசனத்தை எடுத்துவிடுங்கோ. அதைத் தீர்மானிக்கிறது அவையின்ர வேலை. நடந்ததை எழுதினாப் போதும், வாசிக்கிற ஆளுக்கே விளங்கும். ரெண்டாவது, "நடவடிக்கை எடுக்குமாறு" எண்டு விட்டா என்ன நடவடிக்கை? "வடிகட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு நான் செலுத்திய ரூபா 15,000ஐ மீளப் பெற்றுத் தருமாறும், மீதித் தவணைகளை இரத்துச் செய்யுமாறும்" எண்டு தெளிவா எழுதுங்கோ. தவணையை எழுதாம விட்டா அடுத்த மாசம் வசூலுக்கு ஆள் வந்து நிக்கும். மூண்டாவது, மொத்த விலை 55,000 எண்டதும் பில்டரின்ர மொடல், சீரியல் நம்பரும் கடிதத்தில வரவேணும்.

நேர கொண்டுபோறதெண்டா ரெண்டு பிரதி. ஒண்டில திகதியோட ரப்பர் முத்திரை அடிச்சு வாங்கி அம்மாவின்ர கையில குடுங்கோ. தமிழில எழுதினதுக்குத் தமிழில பதில் கேக்கிறது அரசியலமைப்பு தந்த உரிமை. சிங்களத்தில கடிதம் வந்தா பேசாம வச்சிருக்காதீங்கோ, மரியாதையா மொழிபெயர்ப்புக் கேளுங்கோ.

---

துறைமுகத்தான்

நிலாவெளித் தங்கச்சி, பேஸ்புக் கதையை விடுங்க. எனக்குச் சிங்களம் நல்லா ஓடும், வாசிக்கவும் எழுதவும். கொழும்புக் கம்பனிகளுக்குப் போன் எடுத்துக் கதைக்கிற வேலை இருந்தா எனக்குச் சொல்லுங்க. லீவு நாளில வந்து இருக்கிறன்.

---

கிண்ணியா நானா

மாஷா அல்லாஹ், அதுதான் வேண்டியது தம்பி. கிண்ணியாப் பக்கம் ஆள் வந்தா என்ட கடை மேல்மாடி சும்மா கிடக்குது, மேசை கதிரை தாறன். ஆனா யாவாரியின்ட கடையில இருந்து யாவாரிக்கு எதிரா எழுதுறதுக்குச் சனம் வெக்கப்படும். நூலகமோ பள்ளிக்கூடமோ நல்லம். எனக்குத் தெரிஞ்ச ஆக்களோட பேசிப் பாக்குறன்.

இன்னொண்டு, தராசு. மீன், மரக்கறி வாங்குற சனம் நிறை குறையுது எண்டு சொல்லிக்கொண்டுதான் இருக்கும், ஒருத்தரும் முறைப்பாடு குடுக்கிறல்ல. ஒருத்தருக்கு நூறு இருநூறு ரூபாதான், அதுக்கு ஆரு கடிதம் எழுதுற எண்டு விடுறாங்க. கூலிக்குப் போறவங்களுக்கு அது ஒரு நேரச் சாப்பாடு. தராசுக்கு வருசா வருசம் அரசாங்க முத்திரை பதிக்கணும், 1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம். முத்திரை இருக்கா எண்டு பாக்குறதையாவது சனத்துக்குப் பழக்கிக் குடுங்க.

---

மூதூர்க்காரி

எனக்கு உடனடிக் கேள்வி ஒண்டு. என்ட சாச்சி வெளிநாடு போறதுக்கு ஒரு ஏஜென்சிக்குக் காசு கட்டிட்டு ஒரு வருசமா இருக்கிறா. பாஸ்போட்டும் அவங்கட கையில. கேட்டா "விசா வருது" எண்ட பதில்தான். இது நுகர்வோர் அதிகார சபையா, வேற இடமா?

---

சட்டப்புத்தகம்

வேற இடம். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், போன் இலக்கம் 1989. முதல் அந்த ஏஜென்சிக்குப் பணியகத்தின்ர உரிமம் இருக்கா எண்டு கேளுங்கோ. உரிமம் இருந்தா முறைப்பாட்டைப் பணியகம் விசாரிக்கும். இல்லாட்டியும் பணியகத்துக்குச் சொல்லுங்கோ, பொலிசிலயும் போடவேணும். காசு கட்டின துண்டு, வங்கிச் சிலிப், வந்த குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் குரல் பதிவு ஒண்டையும் அழிக்கவேண்டாமெண்டு சாச்சிக்கு இப்பவே சொல்லுங்கோ. போன் மாத்துறதெண்டாலும் பழைய போனை விக்கவேண்டாம்.

---

நிலாவெளிக் காற்று

அம்மம்மாவின்ர கடிதம் திருத்தி, முழுக்க வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கிக் குடுத்தாச்சு. முத்திரை அடிச்ச பிரதி அவவின்ர சாமித்தட்டில இருக்கு. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க எண்டிருக்காங்க. கூப்பிடேக்க அவதான் கதைப்பா, நான் பக்கத்தில இருப்பன்.

சனிக்கிழமைகளில காலமை இருந்து மத்தியானம் வரைக்கும் இருக்கிறதெண்டு யோசிச்சிருக்கிறன். இடம் சரிவந்ததும் இங்க போடுறன். சம்பூர் மகள் அக்கா, அந்தக் குழுவில இருக்கிற அஞ்சு பேரையும் ஒண்டா வரச்சொல்லுங்கோ, ஒராளைத் தனிய அனுப்பவேண்டாம். புத்தகம் எல்லாம் கொண்டுவரட்டும். மூதூர்க்காரி, சாச்சி வாறதெண்டா பாஸ்போட் கொப்பி இருந்தா அதையும், இல்லாட்டி அடையாள அட்டை இலக்கத்தைத் துண்டில எழுதியும் கொண்டுவாங்கோ. பஸ் காசு டொரண்டோ அண்ணாக்கள் பார்த்துக்கொள்ளுவினம் எண்டு கச்சேரி ஐயா சொன்னவர்.

---

மூதூர்க்காரி

கொப்பி இருக்கு. சாச்சி எழுதமாட்டா, கைநாட்டுத்தான். அது செல்லுமா?

---

பழைய கச்சேரிக்காரன்

செல்லும் பிள்ளை. இடது பெருவிரல் அடையாளம், பக்கத்தில அவவின்ர முழுப்பேர், "வாசித்துக் காட்டி விளங்கப்படுத்திய பின் இடப்பட்டது" எண்டு ஒரு வரி, அதுக்குக் கீழ ரெண்டு சாட்சிக் கையெழுத்து. மை பெட்டி நான் கொண்டுவாறன்.